ஒரு கொடியில் நான்கு மிளகு

'கறி' என்னும் சொல்லை இன்று நாம் காய்க்கும் இறைச்சிக்கும் வழங்குகிறோம். சங்க காலத்தில் அச்சொல்லுக்கு மிளகு என்பதே பொருள். முசிறித் துறையில் யவனர்கள் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தியை அகநானூற்றில் தமிழ் மாணவர்கள் படித்திருப்பார்கள். மிளகிட்டுச் சமைத்ததெல்லாம் கறியாகி, பின்னர் மிளகை விட்டுவிட்டுக் கறி மட்டும் தனியே நின்றுவிட்டது. அந்த இடத்தில் வந்து அமர்ந்தது மிளகாய். அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த அக்காய்க்கு நம் முன்னோர் புதுப்பெயர் தேடவில்லை. மிளகைப்போல் உறைக்கிற காய், ஆகவே மிளகாய். பெயரைக் கடன் வாங்கியவன், கடன் கொடுத்தவனையே வீட்டைவிட்டு வெளியேற்றிய கதைதான் இது.

முழுவதும் வெளியேற்றிவிட்டான் என்றும் சொல்வதற்கில்லை. பழமை மாறாத கோயில் மடைப்பள்ளிகளிலும், திவசச் சமையலிலும் இன்றும் மிளகாய்க்கு இடமில்லை. காரம் வேண்டுமென்றால் மிளகுதான். காஞ்சிபுரம் இட்லியிலும், அனுமனுக்குச் சாத்தும் வடைமாலையிலும் மிளகே ஆட்சி செய்கிறது. தெய்வத்துக்கும் முன்னோருக்கும் படைப்பவை பழைய முறையிலிருந்து எளிதில் மாறுவதில்லை. மிளகாய் வருவதற்கு முன் தமிழன் வீட்டுச் சாப்பாடு எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்புவோர் ஏட்டுச் சுவடியைத் தேட வேண்டியதில்லை. ஒரு திவச வீட்டில் இலை போட்டு உட்கார்ந்தால் போதும்.

நான் தாயில்பட்டிக்காரன். எங்கள் கரிசல் காட்டில் மிளகுக்கொடி வளராது. ஆண்டுக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழையும், நிழலும், ஈரக்காற்றும் கேட்கிற கொடி அது. எங்களுக்கோ அதில் பாதி மழை பெய்தாலே நல்ல வருஷம். ஆகவே விளாத்திகுளம் பக்கத்து வத்தல்தான் எங்கள் காரம். ஆனாலும் சாத்தூர் சேவுக் கடைக்குப் போனால் காரச் சேவுக்குப் பக்கத்திலேயே மிளகுச் சேவும் குவிந்திருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றித் தின்று பார்த்தபோதுதான் எனக்கு இக்கட்டுரைக்கான ஐயம் பிறந்தது. இரண்டும் உறைக்கின்றன, ஆனால் ஒன்றுபோல் உறைக்கவில்லை. ஏன்?

அதற்கு முன் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்; வரலாற்றுத் துறை நண்பர்கள் மன்னிக்க. கி.மு. 1213-இல் இறந்த எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேசின் பதப்படுத்திய உடலில், மூக்குத் துளைகளுக்குள் மிளகு மணிகள் இருந்தன. செங்கடல் கரையிலுள்ள பெரெனிகே துறைமுகத்தில் அகழ்ந்தபோது, இந்தியாவில் வனைந்த ஒரு பெரிய சாடியில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. கி.பி. 408-இல் ரோம் நகரை முற்றுகையிட்ட கோத்தியர் தலைவன் அலாரிக், முற்றுகையை விலக்கிக்கொள்ளப் பொன் வெள்ளியோடு 3,000 பவுண்டு மிளகும் கேட்டான். ரோமானிய அறிஞர் பிளினி தம் காலத்து விலையைக் குறித்து வைத்திருக்கிறார். ஒரு பவுண்டு திப்பிலி 15 தினாரியம், வெண்மிளகு 7, கருமிளகு 4. இந்த விலைப்பட்டியலில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. வெண்மிளகும் கருமிளகும் வேறு வேறு சரக்காக இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விற்கப்பட்டன. ஆனால் அவை வேறு வேறு செடியில் விளைவன அல்ல.

கருமிளகு, வெண்மிளகு, பச்சை மிளகு, சிவப்பு மிளகு ஆகிய நான்கும் 'பைப்பர் நைக்ரம்' என்னும் ஒரே கொடியின் காய்கள்தாம். பறிக்கும் பருவமும் பக்குவம் செய்யும் முறையும்தான் நிறத்தையும் சுவையையும் பிரிக்கின்றன.

கொடியில் காய்கள் சரம் சரமாகத் தொங்கும். ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணிகள் பழுத்துச் சிவக்கத் தொடங்கும்போது, மற்றவை இன்னும் பச்சையாக இருக்கையிலேயே சரத்தைப் பறித்துவிடுவார்கள். மணிகளை உதிர்த்து வெயிலில் காயப்போட்டால் சில நாட்களில் தோல் சுருங்கிக் கறுத்துவிடும். கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதல்லவா, அதே வேலைதான் இங்கும் நடக்கிறது. தோலிலுள்ள பீனால் சேர்மங்களை ஒரு நொதி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்துவிடுகிறது. காயப்போடுமுன் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுப்பதும் உண்டு. அப்போது தோலின் செல்கள் உடைந்து நொதி நன்கு பரவுவதால் கறுப்பு சீராகவும் விரைவாகவும் ஏறும். ஆனால் அதே கொதிநீரில் நெடுநேரம் விட்டுவிட்டால் நொதியே அழிந்துபோகும். மிளகு கறுக்காமல் பச்சையாகவே காயும். உலர்ந்த பச்சை மிளகு செய்யும் வழிகளில் இதுவும் ஒன்று. ஒரு நிமிடத்துக்கும் பல நிமிடத்துக்கும் இடையில் நிறமே மாறிவிடுவதை எண்ணிப் பாருங்கள். எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலைகளில் மணிமருந்தை மேடையில் காயவைப்போருக்கு வெயிலின் கணக்கு தெரிந்திருப்பதுபோல், மலையில் மிளகு காயவைப்போருக்கும் ஒரு கணக்கு உண்டு. நூறு கிலோ பச்சைக் காய் காய்ந்தால் சுமார் 33 கிலோ கருமிளகுதான் மிஞ்சும்.

வெண்மிளகுக்குப் பழுத்த காய் வேண்டும். பழத்தைச் சாக்கில் கட்டி ஒரு வாரம் பத்து நாள் நீரில் ஊறவிட்டு, தோல் அழுகியபின் தேய்த்துக் கழுவி, உள்ளே இருக்கும் விதையை மட்டும் உலர்த்துவார்கள். நூறு கிலோவுக்கு 25 கிலோ தேறும். ஓடுகிற நீரில் ஊறினால் நல்ல வெண்மிளகு. தேங்கிய நீரில் ஊறினாலோ மாட்டுத் தொழுவ வாடை அடிக்கும். நான் உவமைக்காகச் சொல்லவில்லை. அந்த வாடையைத் தருகிற ஸ்கேட்டோல், பாராகிரெசால் என்னும் சேர்மங்கள் தொழுவத்திலும் உள்ளவையே. வெண்மிளகு வாங்கி வாடை பிடிக்காமல் ஒதுக்கியவர்கள் மிளகின் மேல் பழி போட வேண்டாம், குற்றம் தண்ணீரினுடையது. இந்தோனேசியாவில் பாங்கா தீவிலிருந்து வரும் முந்தோக் வெண்மிளகு உலகச் சந்தையில் பெயர் பெற்றது.

நன்கு சிவந்த பழத்தைத் தோலோடு காப்பாற்றி உலர்த்தினால் சிவப்பு மிளகு. எளிதில் கெட்டுவிடும் என்பதால் இதைச் செய்வோர் குறைவு, விலையும் அதிகம். கம்போடியாவின் கம்போட் பகுதி இதற்குப் பெயர் பெற்றது. பழத்தின் இலேசான இனிப்பும் மிளகின் காரமும் இதில் ஒன்றாக வரும் என்று சுவைத்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இன்னும் வாய்க்கவில்லை.

இனிச் சுவைக்கு வருவோம். மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின் என்னும் வேதிப்பொருள். இதை 1819-இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க் நாட்டு ஊர்ஸ்டெட். மறு ஆண்டிலேயே, மின்னோட்டம் திசைகாட்டி முள்ளை அசைக்கும் என்று கண்டு இயற்பியல் நூல்களில் நிலைத்த அதே ஊர்ஸ்டெட்தான். அவரை வேதியியலுக்கும் உரியவர் என்று சொல்லிக்கொள்ள எங்கள் துறைக்கு மிளகே சான்று! நல்ல மிளகில் நூற்றுக்கு ஐந்து முதல் ஒன்பது பங்கு வரை பைப்பரின் உண்டு. வாயில் அது சூட்டை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. மிளகாயிலுள்ள காப்சேசினும் தூண்டுவது அதே முனையைத்தான். அந்த உணர்வியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே 'காரம்' என்பது நாக்கின் சுவை மொட்டுகள் அறிகிற சுவையன்று. சூடு பட்டதாக நரம்பு செய்யும் முறையீடு.

அப்படியானால் மிளகுச் சேவுக்கும் காரச் சேவுக்கும் ஏன் வேறுபாடு? ஒரு காரணம் அளவு. காப்சேசின் மிகச் சிறிய அளவிலேயே சுடும். பைப்பரின் அவ்வளவு வலிமை உடையதன்று. மற்றொன்று, எனக்கு முதன்மையாகத் தோன்றுவது, மணம். மிளகில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பங்கு வரை ஆவியாகும் எண்ணெய் இருக்கிறது. அதில் பைன் மரத்தை நினைவூட்டும் பைனீன், எலுமிச்சைத் தோலை நினைவூட்டும் லிமோனீன், கிராம்பிலும் உள்ள காரியோபிலீன் ஆகியன உண்டு. இவையெல்லாம் சேர்ந்தும் 'மிளகு வாசம்' முழுமையாக வரவில்லை என்று ஆய்வாளர்கள் வியந்துகொண்டிருந்தார்கள். 2008-இல் ஆஸ்திரேலியர்கள் திராட்சை மதுவொன்றில் ஏன் மிளகு மணக்கிறது என்று ஆராய்ந்தபோது, ரோட்டண்டோன் என்ற பொருளைக் கண்டார்கள். மிளகிலும் அதுவே இருந்தது. வியப்பு என்னவெனில், அவர்கள் சோதித்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் தெரியவே இல்லை. ஒரே ரசத்தை 'கமகமக்கிறது' என்று ஒருவரும் 'வெறும் காரம்' என்று இன்னொருவரும் சொன்னால் இருவரும் மெய்யே சொல்லியிருக்கக் கூடும். விடுதியில் நடக்கும் ரசச் சண்டைகளை இனி அந்தக் கோணத்திலும் பார்க்கலாம்.

மணம் பெரும்பாலும் தோற்பகுதியில், காரம் உள்ளே. இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் எந்த மிளகு எதற்கு என்று விளங்கிவிடும். தோலோடு கூடிய கருமிளகில் மணமும் காரமும் உண்டு. தோல் நீங்கிய வெண்மிளகில் காரம் நிற்கும், மணம் குறையும். அதனால்தான் ஐரோப்பியர் வெண்ணிறப் பால் குழம்புகளிலும், சீனர் புளிப்புக் காரச் சூப்பிலும் அதை இடுகிறார்கள். பச்சை மிளகிலோ காரம் மென்மையாகவும் தழை மணம் மேலோங்கியும் இருக்கும்.

இன்னொன்று: பைப்பரின் நீரில் மிகக் குறைவாகவே கரையும், கொழுப்பில் நன்கு கரையும். வெண்பொங்கலில் மிளகை நெய்யில் பொரித்துப் போடுகிறோம். நெய் காரத்தை வாங்கிக்கொண்டு பொங்கல் முழுதும் பரப்பிவிடுகிறது. மிளகு ரசத்தில் அவ்வளவு கொழுப்பு இல்லை. அதனால் மேலாக மொண்டால் மணம் தெளிவாகவும் காரம் மெல்லியதாகவும் இருக்கும். அடியைக் கலக்கி ஊற்றினால்தான் தொண்டையைப் பிடிக்கும். 'அடிரசம் எனக்கு' என்று பந்தியில் கேட்கும் பெரியவர்கள் வேதியியல் படிக்காமலே இதை அறிந்தவர்கள்.

இங்கே என் வீட்டுச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் அம்மா பட்டாசு வேலைக்குப் போகிறவர். அலுமினியப் பொடியும் கந்தகமும் படிந்த உடம்போடு மாலையில் வீடு திரும்பினால், முதலில் குளியல், அடுத்து மிளகு தட்டிப் போட்ட ரசம் ஒரு டம்ளர். 'நெஞ்சுல இருக்குற தூசியெல்லாம் மிளகு அறுத்துரும்ய்யா' என்பார். எங்கள் தெருவில் பலருக்கும் இதுவே நம்பிக்கை. பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்ற பழமொழி வேறு துணைக்கு நிற்கிறது. இக்கட்டுரைக்காகப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாயிற்று. மிளகின் சூடு பட்டதும் எச்சில் ஊறும். மூக்கும் தொண்டையும் இளகும். சிறிது நேரம் மூச்சு இலகுவாகத் தோன்றும். அது பொய்யான சுகமன்று. ஆனால் நாம் விழுங்கும் ரசம் போவது இரைப்பைக்கு. நுரையீரலின் ஆழத்தில் படிந்த தூசியை அது தொடுவதே இல்லை. அதைத் தடுப்பது முகக்கவசமும் காற்றோட்டமும், கண்டறிவது மருத்துவர். அம்மாவிடம் இதைச் சொன்னேன். 'அப்ப ரசம் வேண்டாங்கிறியா?' என்றார். 'ரசமும் வேணும், மூக்குல துணியும் வேணும்மா' என்றேன். இப்போது துணி கட்டிக்கொண்டு போகிறார், வாரத்தில் சில நாட்களேனும். மார்புச் சோதனைக்கு இன்னும் இசையவில்லை.

மருந்து உண்போர் அறிய வேண்டியது இன்னொன்றும் உண்டு. 1998-இல் பெங்களூரில் நடந்த ஆய்வில், மஞ்சளிலுள்ள குர்க்குமினோடு சிறிது பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் குர்க்குமினின் அளவு பன்மடங்கு உயர்ந்தது. மஞ்சளும் மிளகும் சேர்த்துப் பால் காய்ச்சும் வழக்கத்துக்கு இது ஒரு விளக்கமாகலாம். ஆனால் அதே பண்பு, வலிப்பு மருந்து போன்றவற்றின் அளவையும் இரத்தத்தில் கூட்டிவிடக் கூடும். சமையலில் இடும் மிளகால் அச்சமில்லை. கைநிறைய மிளகு போட்டுக் கசாயம் குடிப்பவர்கள் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுக்கொள்வது நல்லது.

சந்தையில் மிளகுக்கு வழங்கும் பெயர்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 'தலைச்சேரி மிளகு' என்று வெளிநாட்டுக் கடைகளில் பெருவிலைக்கு விற்பது, தலைச்சேரியில் மட்டும் விளைந்தது என்று பொருளல்ல. அது மணியின் பருமனைக் குறிக்கும் தரப்பெயர். 4.25 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்பது ஒரு தரம், 4.75 மில்லிமீட்டரில் நிற்பது அதற்கும் மேல். கொடியில் கூடுதல் நாள் முற்றிய பெருமணிகளில் மணம் சிறக்கும் என்பர். பெரிய மணி என்பதாலேயே காரம் மிகும் என்று எண்ணிவிடக் கூடாது. கேரளத்தில் பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி 1971-இல் வெளியிட்ட 'பன்னியூர்-1' உலகின் முதல் கலப்பின மிளகு. நம் தமிழகத்தில் கொல்லிமலை, ஏற்காடு, வால்பாறை, கூடலூர், கொடைக்கானலின் கீழ்மலைப் பகுதிகளில் மிளகு உண்டு. கொல்லிமலையில் சவுக்கு மரம் என்று மக்கள் சொல்லும் சில்வர் ஓக் மரங்களில் கொடியை ஏற்றுகிறார்கள். மிளகின் தாயகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை என்றாலும், இன்று உலகில் மிகுதியாக விளைவிப்பது வியட்நாம். இந்தியாவே இறக்குமதியும் செய்கிறது. இதைப் படித்தபோது எனக்குச் சிறிது கோபம் வந்தது உண்மை.

எங்கள் ஊர்ப் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் நல்ல மிளகுக்கு அடையாளம் கேட்டேன். 'கையில எடுத்தா கனக்கணும் தம்பி. ஊதுனா பறக்கக் கூடாது. ரெண்டு விரல்ல நசுக்கு, நசுங்குச்சுன்னா அது பொக்கு' என்றார். வணிகர்கள் ஒரு லிட்டர் மிளகின் எடையைப் பார்த்து விலை பேசுவதும் இதே கணக்குத்தான். அரைக் கிலோவுக்குக் குறையாமல் நிற்பது நல்ல சரக்கு. பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு டம்ளர் நீர் போதும். முற்றிய மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை மிதக்கும். பொக்கு மிளகும் மிதக்கும். ஆகவே மிதந்ததை எடுத்துக் கடித்துப் பார்த்து, காரமே இல்லையென்றால் ஐயுறலாம். தூளாக வாங்கினால் இந்தச் சோதனை எதற்கும் வழியில்லை. அதோடு, அரைத்த நாளிலிருந்து எண்ணெய் ஆவியாகிக்கொண்டே போகும். பொட்டலத் தூளில் காரம் இருக்கும், மணம் விடைபெற்றிருக்கும். காசு கொடுத்துப் பாதி மிளகை வாங்குவானேன்?

மிளகின் பெயரைத் தாங்கும் பிறவும் உள. திப்பிலியும் வால்மிளகும் உறவினங்களே. வடமொழி 'பிப்பலி'தான் கிரேக்கம் வழியே ஐரோப்பிய மொழிகளில் மிளகின் பெயராயிற்று. ரோமானியர் கருமிளகைவிட ஏறக்குறைய நான்கு பங்கு விலை கொடுத்த திப்பிலியை நாம் நாட்டு மருந்துக் கடையில் மறந்து வைத்திருக்கிறோம். திப்பிலி ரசம் வைத்துப் பாருங்கள். காரம் தாமதமாக வந்து நெடுநேரம் நிற்கும். சீனத்து சிசுவான் மிளகு மிளகே அன்று, எலுமிச்சைக் குடும்பம். நாக்கு உறைப்பதற்குப் பதில் மரத்து அதிரும். அதன் உறவான ஒரு காயைக் கொங்கணக் கடற்கரையில் 'திர்பள்' என்று அயிலை மீன் குழம்பில் இடுகிறார்கள். இளஞ்சிவப்பு மிளகு என்று அழகுக்காகத் தூவுவதும் மிளகன்று. மா, முந்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த தென்னமெரிக்க மரத்தின் காய். முந்திரி ஒவ்வாதவர்கள் அதைத் தொடாதிருப்பது நலம்.

கடைசியாகக் கைப்பக்குவம். மிளகை முழுதாக வாங்கி, ஒளி படாத இறுகிய டப்பாவில் வையுங்கள். வெறுஞ்சட்டியில் இளந்தீயில் மணம் எழும்வரை மட்டும் வறுங்கள். புகைந்தால் மணம் போயிற்று. குழம்புக்கானதில் பாதியை முதலில் எண்ணெயிலோ நெய்யிலோ இடுங்கள், காரம் இறங்கும். மீதியை அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி, இறக்கும்போது தூவுங்கள், மணம் நிற்கும். நாட்டுக்கோழி மிளகு வறுவலுக்கு இம்முறையைச் செய்து பார்த்தோம். எங்கள் வீட்டில் அன்று கறி மசாலாப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

டிசம்பர் முதல் மார்ச்சு வரை மலையில் மிளகு பறிக்கும் காலம். அப்போது கொல்லிமலைக்கோ குமுளிக்கோ போகிறவர்கள் பச்சைச் சரம் கிடைத்தால் விடாதீர்கள். சரத்தோடு கழுவி, துணியில் ஈரம் போக உலர்த்தி, சரம் மூழ்க எலுமிச்சைச் சாறும் தாராளமாக உப்பும் சேர்த்துக் கண்ணாடிச் சாடியில் போட்டு, நாளுக்கு ஒருமுறை குலுக்கி வாருங்கள். புளிப்பும் உப்பும் நொதியைக் கட்டிப்போடுவதால் எளிதில் கறுக்காது. பத்து நாளில் ஊறிவிடும். தயிர்ச்சோற்றுக்கு ஒரு சிறு சரம் போதும். மணிகளைப் பல்லால் உருவிக்கொண்டு காம்பை இலையோரம் ஒதுக்கிவிட வேண்டும்.